பத்துப் படம் தேறாத பட்டியல்

அவரை எனக்கு முதலில் ஒரு முழங்காலாகத்தான் தெரியும். தேக்கா பக்கத்துத் திரையரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. படம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். என் வரிசையின் உள்பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து "சாரி, சாரி" என்று முனகிக்கொண்டே என்னைத் தாண்டினார். அந்த முழங்கால் இடித்து என் மடியிலிருந்த பாப்கார்ன் பாதி தரைக்குப் போனது. கழிவறைக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மனிதர் திரும்பி வரவேயில்லை.

படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் நிற்கிறார், கையில் ஒரு புதுப் பாப்கார்ன் பெட்டியோடு. ஒன்றரை மணி நேரமாக நின்றிருக்கிறார். பாப்கார்ன் ஆறி ரப்பராகியிருந்தது. என்னிடம் நீட்டி, கொட்டிவிட்டேன், தப்பா நினைக்காதீங்க என்றார். படம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன்.

"படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தாளு பன்னெண்டாவது மாடியில தொங்கிட்டுக் கண்ணாடி தொடைக்கிறான், இடுப்புல கயிறு இல்ல. கீழ நிக்கிற பொண்ணைப் பார்த்துச் சிரிப்பு வேற. என்னால உக்காந்து பார்க்க முடியல."

"அது சினிமாதானேண்ணே?"

"ஏறினது ஆளுதானே."

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பாலிடெக்னிக் முடித்து ஓர் அலுவலகத்தில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்தேன். மீதி நேரமெல்லாம் வகுப்புத் தோழன் கவினோடு சேர்ந்து இணையத்தில் ஒரு சினிமாப் பக்கம். வாரத்துக்கு மூன்று படம் பார்த்து ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வண்ணம் என்று எழுதித் தள்ளுவேன். அதை என்னோடு படித்தவர்களும், அவர்களுடைய அக்கா தங்கைகளில் பொழுது போகாதவர்களும் வாசித்தார்கள். எங்களைப் போல ஐம்பது பக்கங்கள் இருந்தன. எல்லோரும் ஒரே படத்தைப் பற்றி ஒரே மாதிரிதான் எழுதினோம். அந்த நிலையில் இப்படி ஒரு மனிதர் கையில் ஆறிய பாப்கார்னோடு வந்து நின்றால் எப்படி இருக்கும்? எனக்குக் கை பரபரத்தது. கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டேன்.

அவர் ஜூரோங் பக்கம் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். அங்கே உயரத்தில் ஏறி யார் வேலை செய்வதானாலும் அதற்கு முன்னால் ஒருவர் அந்தச் சாரத்தில் நேரில் ஏறி, பலகை, கட்டு, கயிறு எல்லாவற்றையும் பார்த்து, பார்த்த நேரத்தைக் குறித்து, பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இவருடையது. பத்து வருடம் சாரம் கட்டுபவராக இருந்து, பிறகு இரவு வகுப்பில் படித்து இந்த வேலைக்கு வந்தவர். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். இதற்கு மேல் அவருடைய கதை எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. படத்தைப் பற்றிக் கேட்பதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

அவரிடம் ஒரு கேள்வி உண்டு. "ஏறிப் பார்த்தீங்களா?" பட்டறையில் யாராவது மேலே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னால் கேட்பது அது. ஆனால் எதற்கும் அதையே கேட்பார். அந்தக் கடையில் பிரியாணி நன்றாக இருக்கும் என்றால், ஏறிப் பார்த்தீங்களா? அந்த இயக்குநருடைய அடுத்த படம் பிரமாதமாம் என்றால், ஏறிப் பார்த்தீங்களா? நானும் கவினும் அலுவலகத்தில், பேருந்தில், வீட்டில் என்று அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டோம். புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடை வரைக்கும் அந்தக் கேள்வி போயிருந்தது.

அந்த வருடம் டிசம்பரில், வருடத்தில் உங்களுக்குப் பிடித்த பத்துப் படம் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு மூன்று அனுப்பினார்.

முதலாவது, யாரும் பார்க்காமல் நான்கு நாளில் தூக்கப்பட்ட ஒரு படம். அதில் அம்மாவாக வருபவர் தையல்காரி. துணியை மடித்து ஊசி குத்தி அப்புறம்தான் தைக்கிறாராம், கதை பேசிக்கொண்டே போகிற போக்கில் மிஷினை மிதிப்பதில்லையாம். இரண்டாவது, ஒரு நகைச்சுவைப் படம். சமையல்காரர் வெங்காயத்தை எவ்வளவு நேரம் வதக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் வதக்குகிறாராம். மூன்றாவது, ஒரு கொலைப் படம். அது மொத்தமும் குப்பை என்று அவரே எழுதியிருந்தார். ஆனால் அதில் ஒரு தாதி ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையில் இருக்கும் பெயரைப் படித்துப் பார்க்கிறாள். கதைக்கு அது தேவையே இல்லை. இருந்தும் படித்துப் பார்க்கிறாள். அதற்காக மூன்றாம் இடம்.

அவரைத் தேக்காவில் ஒரு கடையில் உட்கார வைத்து, அதைச் சொல்லச் சொல்லிப் படம் பிடித்தோம். முகம் வேண்டாம் என்றார். சட்டையில் நிறுவனத்தின் பெயர் இருந்ததால் அதுவும் வேண்டாம். ஆகவே இரண்டு கைகளும் பால் விடாத ஒரு கோப்பி ஓ குவளையும் மட்டும். அந்தக் கைகள் வெங்காயம் வதங்குவதைக் காட்டின, ஊசி குத்துவதைக் காட்டின. "சேஃப்டி அண்ணனின் பட்டியல்" என்று பெயர் வைத்தேன். நாங்கள் இரண்டு வருடம் எழுதியதை எல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களைவிட அதை ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் அதிகம். கோடம்பாக்கத்திலிருந்துகூட ஒரு உதவி இயக்குநர் கேட்டு எழுதினார், யாருங்க இந்தக் கை?

அவரோடு படம் பார்ப்பது ஒரு தொல்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் இருக்கைக்குப் போகமாட்டார். அவசர வழி எங்கே என்று பார்த்து, கதவுக் கம்பியை அழுத்தித் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒருமுறை அந்தக் கதவுக்கு வெளியே யாரோ அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஊழியரைக் கூப்பிட்டு அவற்றை நகர்த்தச் சொன்னார். படம் முடிந்ததும் நகர்த்துகிறேன் என்றார் அந்தப் பையன். இவர் கதவைத் திறந்து பிடித்தபடி அங்கேயே நின்றார். வெளிச்சம் திரையில் அடிக்கிறது, பெரிய நடிகர் படம், முதல் நாள் கூட்டம். யோவ், உட்காருய்யா என்று ஒரு குரல். மாமா, வீட்டுக்குப் போங்க லா என்று இன்னொன்று. இவர் அசையவில்லை. கடைசிப் பெட்டி நகர்ந்த பிறகுதான் வந்து உட்கார்ந்தார். நான் இருட்டில் சரிந்து உட்கார்ந்து, அவரைத் தெரியாதவள் போல இருந்தேன். மறுநாள் அதையே எங்கள் பக்கத்தில் பெருமையாக எழுதினேன்.

தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரம் பார்க்கக் கூட்டிப்போனால், அவர் விளக்கைப் பார்க்கவில்லை. பழுதான ஒரு சரத்தைச் சரிசெய்ய தூக்கி இயந்திரத்தின் தொட்டியில் ஏறி நின்றவரின் இடுப்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மாட்டியிருக்கான்," என்றார். அதற்கப்புறம்தான் வாயில் வடை போனது.

யாராவது விழுந்து பார்த்திருக்கிறீர்களா என்று ஒருமுறை கேட்டேன். அக்கறையில் கேட்டதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் ஒரு நல்ல காணொளி கிடைக்கும் என்றுதான் கேட்டேன்.

"பார்த்ததில்ல தங்கச்சி. பார்க்கக்கூடாதுன்னுதான் இந்த வேலைக்கு வந்தேன்."

அவரோடு விடுதியில் ஒரே அறையில் இருந்தவர் செல்வம். அதே பட்டறையில் சாரத்தில் ஏறி வெல்டிங் வேலை. மன்னார்குடிக்காரர், எங்களோடு இரண்டு மூன்று முறை படத்துக்கு வந்திருக்கிறார். விசில் அடிக்க வேண்டும், பாட்டு வேண்டும், சண்டை வேண்டும், கடைசியில் கொஞ்சம் அழ வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். இவரோட படத்துக்கு வந்தா டிக்கெட் எடுத்து சேஃப்டி கிளாஸுக்குப் போன மாதிரி இருக்கு தங்கச்சி என்பார். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் பறக்கும்போது, "அண்ணே, ஹெல்மெட்டு" என்று முன்கூட்டியே இவர் காதில் சொல்லி வெறுப்பேற்றுவார். அறையில் இரண்டு பேருக்கும் மேல்தட்டு, கீழ்தட்டுக் கட்டில். செல்வம் மேலே. ஏணிப்படியில் ஒரு திருகு கழன்றிருக்கிறது என்று இவர் ஒரு மாதம் அவரைக் கீழே படுக்க வைத்துத் தான் மேலே படுத்ததாகச் செல்வம்தான் சொன்னார். திருகு போட வந்தவரிடமும் அதே கேள்விதான் கேட்டாராம்.

இரண்டாவது வருடம் டிசம்பரில் நான்கு படம் அனுப்பினார். கவின் உதட்டைப் பிதுக்கினான். வருடக் கடைசிப் பட்டியல் என்றால் பத்து இருக்க வேண்டும், நாலு படத்துக்கு யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. மீதி ஆறை நானே எழுதினேன். அதற்குள் அவருடைய பேச்சு எனக்கு மனப்பாடம். தச்சர் அளவெடுத்துவிட்டு அறுத்தார், ஓட்டுநர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார் என்று அவர் எழுதுவது போலவே எழுதினேன். அதில் இரண்டு படங்களை நானே முழுசாகப் பார்க்கவில்லை. குரலுக்கு அவர் வரவேண்டாம், எழுத்தாகப் போட்டுவிடலாம் என்று கவின் சொன்னதும் வேலை இன்னும் சுலபமாகிவிட்டது.

அவர் அதை வாசித்துவிட்டுக் கூப்பிட்டார். கோபமாக இல்லை, குழம்பிப்போயிருந்தார்.

"இதுல ஆறு நான் பார்க்காத படம் தங்கச்சி."

"லிஸ்ட்னா பத்து இருக்கணும்லாண்ணே. எல்லாம் நீங்க சொல்ற மாதிரிதானே எழுதியிருக்கேன்."

"பார்க்காத எடத்துல என் கையெழுத்தா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். எவ்வளவு பேர் பாராட்டியிருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அவருக்கும் அது பிடித்திருந்தது, அதை மறைக்கத் தெரியவில்லை. சரி, இருக்கட்டும் என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது சில நாள் அந்த "சரி, இருக்கட்டும்" என்னைத் தூங்கவிடுவதில்லை.

மூன்றாவது வருடம் அந்தப் படம் வந்தது. செல்பேசிக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளி ஒருவனைப் பற்றியது. முன்னோட்டம் வந்த நாளிலிருந்தே எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: சேஃப்டி அண்ணன் என்ன சொல்லப்போகிறார்? வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். முடியாது என்றார். மாலை வேலைக்கு ஆள் ஏறுவதற்கு முன்னால், ஆறே முக்காலுக்குச் சாரத்தைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாமே?

ஞாயிற்றுக்கிழமைக்குள் மற்ற ஐம்பது பக்கங்களும் எழுதி முடித்துவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி கூப்பிட்டேன். ஒரு நாள்தானேண்ணே என்றேன். இந்தப் படமே உங்களுக்காக எடுத்த மாதிரி இருக்கிறது என்றேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது கொஞ்சம் கோபித்துக்கொண்டேன், எனக்காக இதுகூடச் செய்யமாட்டீங்களா என்று. காட்சி எத்தனை மணிக்கு என்று மறுபடி கேட்டார். பிறகு வர்றேன் என்றார்.

ஆறு இருபதுக்கு வந்துவிட்டார். ஜூரோங்கிலிருந்து தேக்காவுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நானும் அந்தப் பக்கத்து ரயிலில்தான் தினமும் போய் வருகிறேன். தலைமுடி ஈரமாக இருந்தது, இஸ்திரி போட்ட நீலச் சட்டை. எப்போது கிளம்பியிருப்பார், குளித்து உடை மாற்ற எப்போது நேரம் கிடைத்தது, நான் யோசிக்கவில்லை. படத்தின் சுவரொட்டிக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்தோம். அன்றைக்கு மட்டும் முகத்தைக் காட்டச் சம்மதித்தார். உடனே எங்கள் பக்கத்தில் போட்டேன்.

கதாநாயகன் முதன்முதலில் கோபுரத்தில் ஏறும் காட்சியில் அவர் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார். இடுப்பிலிருந்து இரண்டு கயிறு, இரண்டு கொக்கி. ஒன்றை மாட்டிவிட்டுத்தான் மற்றதைக் கழற்ற வேண்டும். அவன் அப்படித்தான் செய்தான். இவர் என் முழங்கையை இடித்தார்.

"பாருங்க, பாருங்க. ஒண்ணை மாட்டிட்டுத்தான் இன்னொண்ணை எடுக்கிறான். தங்கச்சி, இந்த வருசம் மொத எடம் இதுக்குத்தான்."

மூன்று வருடத்தில் ஒரு படத்துக்காக அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. திரையில் "இடைவேளை" என்று எழுத்து வந்தது. இங்கே அதற்கு விளக்குப் போடமாட்டார்கள், எழுத்து மறைந்து படம் தன்பாட்டுக்குப் போகும். அப்போதுதான் அவர் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். எழுந்தார். இந்தத் தடவை சாரி சொல்லவில்லை. முழங்கால் இடிக்கத் தாண்டிப் போனார்.

இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். அவர் எழுந்து போனதைப் பார்த்து எனக்கு உற்சாகம் பொங்கியது. ஏதோ தப்பைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். முதல் இடம் என்று சொன்னவரே வெளிநடப்பு, எவ்வளவு நல்ல கதை! கடைசிவரை உட்கார்ந்து அந்தத் தப்பு என்னவாக இருக்கும் என்று திரையில் தேடிக்கொண்டிருந்தேன். கையுறையா, காலணியா என்று இருட்டில் குறிப்புகூட எடுத்தேன்.

வெளியே வந்தால் வாசலில் ஆளில்லை. நான் எம்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கும்போது கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது. செல்வம் விழுந்துவிட்டார். சாரத்தின் மூன்றாம் தட்டில் ஒரு பலகையைக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள், அதில் காலை வைத்திருக்கிறார். உயிர் இருக்கிறது, மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள்.

"தங்கச்சி, அந்தப் போட்டோ இருக்குல்ல. அதை அழிச்சிடுங்க."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டேன். அழிச்சிட்டேன்ணே என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

மருத்துவமனைக்கு நான் போகவில்லை. அந்த வார இறுதியில் எனக்கு வேறு வேலை இருந்தது என்று சொல்லலாம். இருந்த வேலை அந்தப் படத்துக்கு விமர்சனம் எழுதியதுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் முதலில் அவருடைய கைகளைப் படம் பிடித்த அதே கடையில் பார்த்தோம். அவருடைய வேலை அனுமதியை ரத்து செய்துவிட்டார்கள், புதன்கிழமை ஊருக்குப் போகிறார். குவளையைச் சுற்றி இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார். அன்று நாலு மணிக்கே பெர்மிட் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம். பார்த்த நேரம் என்ற கட்டத்தில் ஆறே முக்கால் என்று எழுதினாராம். காலையில் ஏறிப் பார்த்த சாரம்தான், அதே ஆட்கள்தான் கட்டியது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். மதியம் ஏதோ குழாயை ஏற்றுவதற்காக அந்தப் பலகையை அவிழ்த்திருக்கிறார்கள். மூன்று தட்டு ஏறியிருந்தால் தெரிந்திருக்கும்.

விபத்து நடந்த அன்றே மேற்பார்வையாளர் அவரிடம், தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது, வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார். இவரும் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிறு வரைக்கும், எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் பட்டறையின் மறுகோடியில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று வருடமாக எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நான் விற்ற மனிதர் அந்த இரண்டு நாள் எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது.

விபத்து நடந்த அந்த வார ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செல்வத்துக்கு நினைவு திரும்பியிருக்கிறது. இடுப்பு உடைந்து, முதுகில் அறுவை செய்து, வாயில் பேச்சு சரியாக வராமல் கிடந்திருக்கிறார். இவர் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"'படம் எப்படிண்ணே?'ன்னு கேட்டான் தங்கச்சி. நான் படத்துக்குப் போறேன்னு அவன்கிட்டதான் சொல்லிட்டு வந்தேன்."

நன்றாக இருந்தது என்று பதில் சொன்னாராம். மறுநாள் காலையில் விசாரணைக்கு வந்தவர்களிடம் தானே போய், அந்த நேரத்தில் தேக்காவில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிட்டார். யாரோடு என்று கேட்டிருக்கிறார்கள். தனியாக என்று சொல்லியிருக்கிறார்.

நான் ஏதாவது பேசியிருக்க வேண்டும். நான்தானே கூப்பிட்டேன் என்றாவது. அதற்கு இரண்டு சொல் போதும். ஆனால் என் பை மடியில் இருந்தது, பைக்குள் கைப்பேசி இருந்தது, அதில் கவின் காலையில் அனுப்பிய செய்தி: டிசம்பர் வந்துவிட்டது, அவர் ஊருக்குப் போவதற்குள் பட்டியலை வாங்கிவிடு. எனக்கே என் குரல் கேட்டது. இந்த வருட லிஸ்ட் என்னண்ணே பண்றது?

அவர் குவளையைத் தள்ளி வைத்தார். கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"இந்த வருசம் எதுவும் வேணாம் தங்கச்சி."

எழுந்து போகும்போது, பழக்கதோஷம், தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு பார்த்ததற்கு வெட்கப்பட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டு ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்துபோனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் பட்டியலைப் போட்டேன். பத்துப் படம். ஒன்பது நான் எழுதியது. முதல் இடம் மட்டும் அவர் வாயால் சொன்னது, இருட்டில் என் முழங்கையை இடித்துச் சொன்னது. அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஒண்ணை மாட்டிட்டுத்தான் இன்னொண்ணை எடுக்கிறான்" என்ற வரியைப் பெரிய எழுத்தில் போட்டேன். அது போல எங்கள் பக்கத்தில் எதுவும் போனதில்லை. அந்தப் படத்தின் இயக்குநரே அதை எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு பெரிய தளத்திலிருந்து எழுதச் சொல்லிக் கேட்டார்கள். அலுவலக வேலையை விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு மறுவாரம் ஒரு செய்தி வந்தது. இந்திய எண். வணக்கம் இல்லை, நலமா இல்லை.

"செல்வம் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பு ஊன்றி நடக்கிறான். டிவியில அந்தப் படம் போட்டாங்க, ரெண்டு பேரும் பார்த்தோம். கோபுரத்துல ஏறுறப்ப கொக்கியைக் கம்பியில மாட்டல தங்கச்சி. பக்கத்துல கேபிள் போற பிளாஸ்டிக் பைப்புல மாட்டியிருக்கான். அவன் தொங்கினா அது தாங்காது. நான் பார்க்கல, செல்வம்தான் காட்டினான். அந்தப் படத்தை லிஸ்ட்டுலேருந்து அழிச்சிடுங்க."

காட்சியைப் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பிளாஸ்டிக் குழாய்தான். சாம்பல் நிறம், ஒரு விரல் கனம். இரண்டு கொக்கிகளும் அதில்தான், ஏற ஏற அதிலேயேதான். தெரிந்து பார்த்தால் அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது. அப்புறம் அந்தப் பெரிய தளத்துக்கு நான் எழுத வேண்டிய முதல் கட்டுரை நினைவுக்கு வந்தது. அது அந்த இயக்குநரோடு பேட்டி.

அவர் என்னிடம் இரண்டு தடவை அழிச்சிடுங்க என்று சொல்லியிருக்கிறார். முதல் தடவை அவர் மூச்சு விடுவதற்குள் அழித்தேன். இரண்டாவது தடவை சொன்னது போன பொங்கலுக்கு. பட்டியல் அப்படியே இருக்கிறது, அவர் பெயரில், அந்தப் படம் முதலிடத்தில். அவருக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. நேற்று அதன் கீழே புதிதாக ஒருவர் எழுதியிருந்தார்: சேஃப்டி அண்ணன் சொல்லிட்டாருன்னா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்.

அப்படி எழுதியவருக்கு நன்றி என்று உடனே பதில் போட்டேன்.